ஏரிக்குள் வீடு கட்டியவர்கள்

ஆறாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டு நான் அவமானப்பட்டேன். ஆதி மனிதர்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. பனி உறைந்து கிடக்கும் இடங்களிலும், சொட்டுத் தண்ணீர் இல்லாத மணல்காட்டிலும் மனிதர்கள் அந்தக் காலத்திலேயே போய்க் குடியிருந்தார்கள் என்று டீச்சர் வாசித்தார். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராது. எழுந்து நின்று, “ஏன் டீச்சர், அவங்களுக்கு வீடு வாசல், வேலை வெட்டி எதுவுமே கிடையாதே. நல்ல இடமாப் பார்த்து நடந்து போயிருக்கலாமே?” என்றேன்.

டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “உங்கப்பாவப் போய்க் கேளு. ஏரிக்குள்ள ஊடு கட்டிக்கினு கீறாரே, அவருக்குத் தெரியும்” என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்ததுபோல் பாவனை செய்துவிட்டு உட்கார்ந்தேன். காது மட்டும் சுட்டது.

டீச்சர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்களுக்கு ஒரு பக்கம் சேலத்துக்காரர்கள், மறுபக்கம் தஞ்சாவூர்க்காரர்கள். யாருக்கும் அது சொந்த ஊர் இல்லை என்பதால் எல்லோருக்கும் அது ஊராக இருந்தது. ஒருநாள் எங்கள் வரிசையில் ஒருவர் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, குரூப் போட்டோ எடுத்து, ஜீப்பில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். கொஞ்ச நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் காகிதம் வந்தது. அவர் மனைவி டெம்போவில் ஏற்றிய பீரோவைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று அழுததை அப்பா பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அவருக்குச் சொந்த இடம் என்கிற பயம் பிடித்துக்கொண்டது. ஆசை என்றுதான் வெளியில் சொல்வார். எனக்கு அது பயமாகத்தான் தெரிந்தது.

ஒரு சித்திரை மாதத்தில் அப்பாவும் அவரோடு வேலை செய்த ஏழு பேரும் சேக்காட்டைத் தாண்டி மனை பார்க்கப் போனார்கள். நிலம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் பனைமரங்களோடு ஒரு நீளமான மண்கரை தெரிந்தது. எட்டுப் பேரும் நூலளவு பிசகினால்கூட வேலையைத் திருப்பி அனுப்புகிற ஆட்கள். மனையின் நாலு பக்கத்தையும் அவர்களே டேப் பிடித்து அளந்தார்கள். மூலைமட்டம் பார்த்தார்கள். அந்தக் கரை எதைத் தடுப்பதற்காக அங்கே நிற்கிறது என்று மட்டும் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வீடு கட்டிக் குடி வந்த முதல் ஐப்பசியிலேயே பதில் தெரிந்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் தெருவைக் காணோம். நாங்கள் ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்குகிற பக்கத்திலேயே குடியேறியிருந்தோம். குளியலறையில் ஒரு கெளுத்தி மீன் நீந்திக்கொண்டிருந்தது. அம்மா கட்டில்மேல் உட்கார்ந்தபடி, “தவளையோட குடும்பம் நடத்தவா என்னைக் கூட்டிட்டு வந்தீக?” என்று கேட்டாள். அடுத்த கோடையில் அப்பா எங்கள் மனையில் லாரி லாரியாக மண் கொட்டி, வாசலையும் வராந்தாவையும் இரண்டடி உயர்த்தினார். எங்கள் பக்கம் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போனது. அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

பக்கத்து வீட்டில் இருந்தது ஒரு கிறிஸ்தவக் குடும்பம். புருஷன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். அந்த அக்காவுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அம்மா தன் வீட்டு மண்ணைக் காட்டி ஒருநாள் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டபோது, “உடுக்கா. தண்ணி எங்கயாச்சும் போவணும் இல்ல? நம்ம ஊட்டுக்குத்தானே வருது” என்று சொல்லிச் சிரித்தவள். அவளுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. எனக்குப் பதின்மூன்று வயதானபோது அதற்கு ஐந்து. பள்ளி விட்டு நான் வந்ததும் என் பின்னாலேயே சுற்றும். என் நோட்டில் கிறுக்கும். திட்டினால் அழாது, முறைக்கும். என்னைப் போலவே இருக்கிறது என்று அம்மா சொல்வாள்.

எங்கள் நகரில் மழைக்கு முன்னால் எல்லோரும் செய்கிற ஒரு வேலை இருந்தது. அங்கே எல்லா வீட்டிலும் உறைக்கிணறுதான். சிமெண்ட் வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, மேல் வளையம் தரைக்கு மேலே ஒரு சாண் தெரிகிறமாதிரி விட்டிருப்பார்கள். முழங்கால் தண்ணீர் வந்தால் கிணறு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பலகை போட்டு மூடினால் பலகை மிதந்து போய்விடும். அதனால் ஐப்பசி பிறந்ததும் கிணற்றை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு சவுக்குக் குச்சி நட்டு, அதன் உச்சியில் பழைய உள்பாவாடையிலிருந்து கிழித்த சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். தண்ணீர் வந்த நாட்களில் மேட்டிலிருந்து பார்த்தால் வீட்டுக்கு ஒன்றாகச் சிவப்புத் துணிகள் தண்ணீருக்குமேல் ஆடிக்கொண்டிருக்கும். எங்கள் நகர்க் குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடமே, செவப்புத் துணி பக்கம் போகாதே என்பதுதான். மற்ற எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை. மூன்று நாள் மழை விட்டு வெயில் அடித்தது. தண்ணீர் வடிந்து முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்திருந்தது. பள்ளிக்கூடம் இல்லை. காலை பத்து மணி இருக்கும். எங்கள் வராந்தாவில் செருப்புகளுக்கு நடுவே ஒரு பாம்பு சுருண்டு கிடந்ததை நான் பார்த்தேன். அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயத்தைவிட வேகம்தான் அதிகம். கம்பு எங்கே என்று சுற்றிலும் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கம்பு எதுவும் கையில் அகப்படவில்லை, எங்கள் கிணற்றுக் குச்சி தூரத்தில் இருந்தது. குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், எட்டிப் பிடிக்கும் தூரத்தில், அக்கா வீட்டுக் கிணற்றுக் குச்சி நின்றது. சுவரில் ஏறி, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். சுலபத்தில் வரவில்லை. வந்தபோது சேறோடு வந்தது.

பாம்பை நான்தான் அடித்தேன். ஏழெட்டு அடி. சத்தம் கேட்டுத் தெருவே எங்கள் வராந்தாவில் ஏறிவிட்டது. துணியை முறுக்கிக்கொண்டிருந்த அக்காவும் ஈரக்கையோடு முன்வாசல் வழியாக ஓடிவந்தாள். “பாப்பாவா அடிச்சுது? யம்மாடி, தைரியந்தான்” என்று என் தோளில் தட்டினாள். நான் குச்சியை ஊன்றிக்கொண்டு பெரிய வீராங்கனை மாதிரி நின்றேன். அப்பா தலையைத் துவட்டியபடி வந்து குனிந்து பார்த்தார். “ஏட்டி, இது தண்ணிப் பாம்புல்லா. ஒண்ணும் செய்யாதே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒடிந்துபோன குச்சியையும் பாம்பையும் சேர்த்துத் தூக்கித் தெருத் தண்ணீரில் வீசினேன்.

அவ்வளவு நேரமும் அந்தக் குழந்தை தன் வீட்டுப் பின்வாசலில் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டுச் சத்தத்தைக் கேட்டு அதுவும் பாம்பு பார்க்கப் புறப்பட்டிருக்கிறது. முன்பக்கம் சுற்றி வராமல், கொல்லை வழியாக, சுவரை நோக்கி. சிவப்புத் துணி எங்கே என்று அது கட்டாயம் பார்த்திருக்கும். ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் கால் வைக்கும், அப்படிப் பழக்கியிருந்தார்கள். எந்தப் பக்கமும் சிவப்பு இல்லை. அதனால் நேராக வந்திருக்கிறது.

வெளியே எடுத்தபோது மதியமாகிவிட்டது. அதைப் பற்றி மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

குச்சியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மூன்று நாள் வெள்ளம், இழுக்காதா என்ன. என் கையில் இருந்த கம்பு எந்தக் கம்பு என்று யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. அக்கா வீட்டுக் கொல்லையில் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் எங்கள் வராந்தாவில் நின்றிருந்தேன். செருப்புகளுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புத் துணி நனைந்து சுருண்டு கிடந்தது. அடித்த அடியில் குச்சியிலிருந்து கழன்றிருக்கிறது. நான் அதைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். பிறகு அம்மா என்னைப் பார்த்தாள். குனிந்து அதை எடுத்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் பின்னால் போனேன். ஈரத்துணி எரியாமல் அடுப்பில் வெகுநேரம் புகைந்தது. அம்மா ஊதிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் நீர் வடிந்தது, புகையா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றும் சரி, பிறகு பத்து வருடமும் சரி, நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் முதல் நாள் பயம். இரண்டாம் நாளும் பயம். அதற்குப் பிறகு, ஏன் நேற்றே சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயம். இப்படியே ஒரு மாதம், ஒரு வருடம். ஒரு பெரிய குற்றத்தை மறைக்கிறவர்கள் தூக்கமில்லாமல் புரள்வார்கள் என்று கதைகளில் எழுதுகிறார்கள். நான் நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன், பரீட்சையில் தேறினேன். மழைக்காலம் வந்தால் மட்டும், தெருவில் தண்ணீர் நிற்கும்போது, சின்னக் கால்கள் சளக் சளக்கென்று தண்ணீரை அளைந்துகொண்டு வருகிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பேய் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் அந்தச் சத்தம் எங்கள் சுவருக்கு இரண்டடி முன்னால் வந்து நின்றுவிடும் என்பதை எப்படிச் சொல்லாமல் இருப்பது?

அந்த அக்காவின் கிணற்றை அந்த மாதமே கல்லும் மண்ணும் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். புருஷன் மாங்காட்டில் தன் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்தார். மேட்டு நிலம், தண்ணீர் நிற்காது. அக்கா வர மாட்டேன் என்றுவிட்டாள். கெஞ்சினார், சண்டை போட்டார், பங்குச் சாமியாரை அழைத்துவந்து பேசச் சொன்னார். கடைசியில் அவர் மட்டும் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார். இன்னொரு குழந்தை இல்லை. அக்கா வீட்டிலேயே மிஷின் வைத்து ரவிக்கை தைத்துப் பிழைத்தாள். அம்மா ஒருநாள் தவறாமல் அவளுக்குக் குழம்போ பொரியலோ கொடுத்துவிடுவாள். கொண்டுபோய்க் கொடுப்பது நான்.

ஐப்பசி பிறந்தால் அக்கா, தூர்த்துவிட்ட அந்தக் கிணற்றின் ஓரத்தில் குச்சி நடுவாள். கடப்பாரையால் குழி தோண்டி, குச்சியை இறக்கி, சுற்றிலும் சல்லிக்கல் போட்டு, உலக்கையால் இடிப்பாள். அந்த இடி எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். பிறகு சிவப்புத் துணி கட்டுவாள். இல்லாத கிணற்றுக்கு எதற்குக் குச்சி என்று தெருவில் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு கேலி செய்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் போவார்கள்.

நான் அஞ்சல் வழியில் சரித்திரம் படித்தேன். அம்பத்தூரில் ஒரு சின்னப் பள்ளியில் டீச்சர் ஆனேன். ஆறாம் வகுப்புக்கு ஆதி மனிதர்கள் பாடம் நானே நடத்த வேண்டி வந்தது. நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். எங்களுக்கு மேற்கே பூண்டிப் பக்கத்தில், செம்மண்ணைத் தோண்டினால், அவர்கள் செதுக்கிய கற்கோடரிகள் கிடைக்கின்றன என்று தெரிந்தபோது மயிர்க்கூச்செறிந்தது. அவர்களும் நம் பக்கத்துக்காரர்கள்தானா என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் ஏன் கஷ்டமான இடங்களை விட்டு நகரவில்லை என்பதற்குப் படித்தவர்கள் பலவிதமாகப் பதில் சொல்கிறார்கள். ஒவ்வொரு பதிலையும் நான் எங்கள் நகரில் வைத்துப் பார்த்துக்கொள்வேன். அவர்கள் வந்தபோது அந்த இடம் அவ்வளவு மோசமாக இருந்திருக்காது, புல்லும் இரையும் இருந்திருக்கும், குளிரும் வறட்சியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிறகு வந்திருக்கும் என்கிறார்கள். சரிதான், அப்பா சித்திரையில் பார்த்த நிலம். நல்ல இடங்களில் ஏற்கெனவே ஆட்கள் இருந்து இவர்களை விரட்டியிருப்பார்கள் என்கிறார்கள். அதுவும் சரி. மேடெல்லாம் தொழிற்சாலைக்கும், பழைய ஊர்க்காரர்களுக்கும், பெரிய சாலைக்கும் போனபின் மிச்சம் இருந்தது ஏரிதான். பழக்கம் இன்னொன்று. எந்த மாதம் எங்கே மீன் ஏறும், எந்தப் பாம்பு கடிக்கும், எது கடிக்காது என்று கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புது இடத்தில் முட்டாளாக நிற்க யாருக்கு மனம் வரும்? எந்தப் பாம்பு கடிக்காது என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. செத்தவர்களைப் புதைத்த இடத்தை விட்டுப் போக மாட்டார்கள் என்றும் ஒரு பதில் உண்டு. அதை மட்டும் வகுப்பில் நான் சொன்னதே இல்லை. அக்காவின் குழந்தை கோயில் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. மாங்காட்டிலிருந்தும் அங்கே போகலாம். அப்படியானால் அக்கா ஏன் இங்கே கிடக்கிறாள்? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா ஓய்வு பெற்றார். மாலை, போட்டோ, ஜீப் எல்லாம் ஆனது. கரையான்சாவடியில் மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் மேடான இடத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. அப்பா போகலாம் என்று முடிவு செய்தார். அத்தனை வருடம் ஏரியோடு மல்லுக்கட்டிய மனிதர், ஒரே வாரத்தில் முடிவு செய்துவிட்டார். அம்மா முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது. அவளுக்குப் போதும் என்று இருந்தது. எனக்கும் போதும் என்றுதான் இருந்தது, அதனால்தான் ஆத்திரம்.

அது ஐப்பசி. ஒரு சனிக்கிழமை காலையில் உலக்கைச் சத்தம் கேட்டது. நான் குழம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லை அடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதில் தலை பாதி நரைத்திருந்தது.

“இன்னா பாப்பா, காலி பண்ணிக்கினு போறீங்களாமே?” என்றாள்.

“ஆமாக்கா. நீங்களும் மாங்காட்டுக்குப் போயிடலாமே” என்றேன். சும்மா சொல்கிற வார்த்தைதான். அவள் கையை நிறுத்தினாள்.

“எப்புடிப் போவறது? அன்னிக்கு இந்தக் குச்சிய நான்தான் நட்டேன். அடுப்புல சோறு கொதிச்சிக்கினு இருந்துச்சு. அவசர அவசரமா நட்டேன். ஒரு சாண்கூட எறங்கியிருக்காது. இப்புடிக் கல்லு போட்டு இடிச்சிருந்தா தண்ணி இஸ்துக்கினு போயிருக்குமா, சொல்லு.” குச்சியைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. “அவரு வா வான்றாரு. நல்ல ஊடு, தரை காஞ்சி கெடக்கும்ன்றாரு. எம்பொண்ண தண்ணியில உட்டுட்டு நான் இன்னா மூஞ்ச வச்சிக்கினு காஞ்ச தரையில போயி படுக்கறது?”

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பத்து வருடமாக அவள் செத்த குழந்தைக்காக அங்கே இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இருந்தது நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தால். நான் வாயைத் திறந்திருந்தால் அவள் என்றைக்கோ போயிருப்பாள். புருஷனோடு இருந்திருப்பாள், இன்னொரு குழந்தைகூடப் பிறந்திருக்கலாம்.

“அக்கா, குச்சிய தண்ணி இழுக்கல. நான்தான் புடுங்கினேன்” என்றேன். “பாம்ப அடிக்க. சுவர்ல ஏறி.”

அவள் என்னைப் பார்த்தாள். புரியவில்லையோ என்று நினைத்து நான் மறுபடி சொன்னேன். குச்சியைத் தெருத் தண்ணீரில் வீசியதையும் சொன்னேன். அம்மா துணியை எரித்ததைச் சொல்லவில்லை, துணி கழன்று எங்கள் வராந்தாவில் கிடந்தது என்று மட்டும் சொன்னேன். எங்காவது ஒரு இடத்தில் அவள் என்னை அறைவாள் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“புடுங்கறப்ப சொளுவா வந்துச்சா?” என்று கேட்டாள்.

“இல்லக்கா. ரெண்டு கையால ஆட்டி ஆட்டித்தான் எடுத்தேன்.”

அவள் குச்சியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “அப்ப நான் நல்லாத்தான் நட்டுக்கீறேன்” என்றாள். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. பிறகு, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல், “எம்பொண்ணும் சொன்ன பேச்ச மீறல. செவப்புத் துணி எங்கன்னு தேடிப் பாத்துட்டுத்தான் வந்துகினு இருந்திருக்குது” என்றாள். எழுந்து, கையில் இருந்த மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சத்தமாகக்கூடச் சாத்தவில்லை. குழம்புக் கிண்ணம் அங்கேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். “சொல்லிட்டியா?” என்றாள். பத்து வருடத்தில் முதல் தடவை. தலையை ஆட்டினேன். அம்மா அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் பெத்தவல்லா, உன்னைக் காப்பாத்தணும்னு நெனைச்சேன். அவளும் பெத்தவதான்னு தோணாமப் போச்சே” என்று சொல்லிவிட்டு அழுதாள். இந்த முறை புகை இல்லை.

அந்த வாரமே புருஷன் டெம்போ கொண்டுவந்தார். கட்டில், தையல் மிஷின், மாதா படம், நாலு பாத்திரம். தெருவே வாசலில் வந்து நின்றது. அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. டெம்போ குலுங்கிக் குலுங்கித் தெருமுனை திரும்பியபோது நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அப்பாவும் அம்மாவும் கரையான்சாவடிக்குப் போனார்கள். அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு அம்பத்தூரில் வேலை. எங்கே குடியிருப்பது என்ற பேச்சு வந்தபோது, பூட்டியே கிடந்த ஏரி வீட்டைத்தான் கேட்டேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு? நானே தப்பிச்சு வந்துட்டேன்” என்றார். அம்மா சாவியை எடுத்துக்கொடுத்தாள்.

இன்றும் இங்கேதான் இருக்கிறேன். ரோட்டை மேலே மேலே போட்டதில் அப்பா உயர்த்திய வராந்தா இப்போது பள்ளமாகிவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் ஃப்ரிட்ஜைத் தூக்கிச் செங்கல்மேல் வைக்கிறோம். ஏன் இங்கே இருக்கிறோம் என்று கேட்டுக் கேட்டு என் கணவர் அலுத்துப்போய் நிறுத்திவிட்டார். பிள்ளைகள் இன்னும் நிறுத்தவில்லை. எல்லோரும் போய்விட்டார்கள், நாம் மட்டும் ஏன் இந்தத் தண்ணீருக்குள் கிடக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஸ்கூல் பக்கம், தண்ணி வரி இல்லை என்று ஏதாவது சொல்லி வைக்கிறேன்.

மாங்காடு ஒன்றும் அமெரிக்கா இல்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அங்கே அம்மன் கோயிலுக்கு என்று எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அவள் இருக்கும் தெருவைத் தெரிந்துகொண்டு, முனைவரை போய்த் திரும்பியும் இருக்கிறேன். மிச்சமிருப்பது அவளுடைய கோபம். அதை அவள் வாசலில் நின்று தா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அன்றைக்கு அவளுக்குத் தன் கையும் தன் பெண்ணும் தப்புச் செய்யவில்லை என்பது கிடைத்தது, அதுவே அப்போது போதுமாக இருந்தது. என்னைத் திட்ட அவளுக்கு நேரமில்லை. ஆனால் அவள் மனுஷி. துணி காயப்போடும்போதோ, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கும்போதோ, என்றாவது ஒருநாள் அந்தக் கோபம் அவளுக்கு வரும். வந்தால் அவள் பஸ் ஏறி நேராக இங்கேதான் வருவாள். அன்றைக்கு இந்த வாசலில் வேறு யாரோ நின்று, அவங்க காலி பண்ணிக்கினு போய் ரொம்ப நாளாச்சே என்று அவளிடம் சொல்லிவிடக் கூடாது.